கிளவுட் செக்யூரிட்டி பில் எகிறிவிட்டதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

மாதம் பிறந்து மூன்று, நான்கு தேதி ஆனதும் என் வாட்ஸ்அப்புக்கு ஸ்கிரீன்ஷாட்டுகள் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, சர்வர் செலவைவிட செக்யூரிட்டி செலவு அதிகமா இருக்கே, கொஞ்சம் பாருங்களேன்." கோவை, திருப்பூர், சென்னை என்று சின்னச் சின்ன நிறுவனங்களுக்குக் கிளவுட் (இணையம் வழி வாடகைக்கு எடுக்கும் சர்வர்) வேலை பார்த்துக் கொடுக்கிறேன். ஒவ்வொருவருக்கும் அதே பதிலை வாய்ஸ் நோட்டில் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதி வைக்கிறேன்.

இங்கே வருவது பெரும்பாலும் அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸின் கார்டுடியூட்டி (ஊடுருவலைக் கண்காணிப்பது), மேசி (ஃபைல்களில் ரகசியத் தகவல் தேடுவது); கொஞ்சம் மைக்ரோசாஃப்டின் சென்டினல் (லாகைச் சேர்த்து அலசுவது), செக்யூரிட்டி கோபைலட் (ஏஐ உதவியாளர்). ஏடபிள்யூஎஸ் விலைகள் எல்லாம் அமெரிக்க வர்ஜீனியா பகுதியின் பட்டியல் விலை. மும்பையில் கொஞ்சம் முன்பின் இருக்கும், கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

தியரி வேண்டாம், ஒரே ஒரு விஷயம் போதும். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை எத்தனை திருடனைப் பிடித்தோம் என்று பார்த்துக் காசு கேட்பதில்லை. எவ்வளவு லாக் (எப்போது என்ன நடந்தது என்ற பதிவு) படித்தோம் என்று எண்ணித்தான் கேட்கின்றன. அதனால் "எங்கே அலெர்ட் வந்தது" என்று தேடாதீர்கள், "யார் இவ்வளவு தீனி போடுகிறார்கள்" என்று தேடுங்கள்.

## எதையும் தொடுவதற்கு முன், ஐந்து நிமிடம்

ஏடபிள்யூஎஸ்ஸில் செலவு வரைபடம் காட்டும் காஸ்ட் எக்ஸ்ப்ளோரரைத் திறங்கள். மாதக் கணக்கை நாள் கணக்காக மாற்றுங்கள். முதலில் சர்வீஸ் வாரியாகப் பிரியுங்கள், ஏறிய சர்வீஸை மட்டும் வடிகட்டி, அப்புறம் யூசேஜ் டைப் வாரியாகப் பிரியுங்கள். இந்த இரண்டாவது வேலையைத்தான் யாரும் செய்வதில்லை. "கார்டுடியூட்டி 400 டாலர்" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதில் ஃப்ளோ லாக் (நெட்வொர்க் போக்கின் பதிவு) எவ்வளவு, கிளவுட்டிரெயில் (கணக்கில் நடக்கும் செயல்களின் பதிவு) எவ்வளவு, எஸ்3 (ஃபைல் சேமிப்பு) எவ்வளவு என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

வரைபடம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு நாளில் படி ஏறி அங்கேயே நிற்கிறதா, மேட்டில் ஏறுவதுபோல மெல்ல ஏறுகிறதா, முள் மாதிரி குத்திவிட்டு இறங்கிவிட்டதா? கீழே உள்ள தலைப்புகளில் உங்கள் படத்துக்குப் பொருந்துவதற்கு நேராகப் போங்கள். முதல் தலைப்பை மட்டும் யாராக இருந்தாலும் படித்துவிடுங்கள்.

## அறிகுறி: செக்யூரிட்டி மட்டுமல்ல, எல்லாமே ஒரே நாளில் ஏறியிருக்கிறது

கார்டுடியூட்டி ஏறிய அதே நாளில் இசி2வும் (வாடகை சர்வர்) டேட்டா டிரான்ஸ்ஃபரும் சேர்ந்து ஏறியிருந்தால், செலவைக் குறைப்பது பற்றி யோசிக்காதீர்கள். வீட்டுக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு பாருங்கள். திருடிய சாவியை வைத்து யாராவது கிரிப்டோ மைனிங் மெஷின்களைக் கிளப்பினால் ஏபிஐ அழைப்பும் (கிளவுடுக்குப் போகும் கட்டளை) கூடும், நெட்வொர்க் போக்கும் கூடும், அவற்றைப் படிக்கும் கருவியின் பில்லும் கூடும். புகையைப் பார்த்து அலாரத்தைக் கழற்றிய கதை ஆகிவிடக் கூடாது.

பார்க்க வேண்டியவை:

- நீங்கள் பயன்படுத்தாத ரீஜன்களில் (மும்பை, வர்ஜீனியா போன்ற பகுதிகள்) மெஷின் ஓடுகிறதா? கன்சோல் பெரும்பாலும் ஒரு சமயத்தில் ஒரு ரீஜனைத்தான் காட்டும். காஸ்ட் எக்ஸ்ப்ளோரரில் ரீஜன் வாரியாகப் பிரித்துப் பார்ப்பது சுலபம்.
- நீங்கள் கிளப்பாத, ஜிபியு உள்ள பெரிய மெஷின்கள் உண்டா?
- ஐஏஎம் (பயனர், அனுமதி) பக்கத்தில் யாருக்கும் தெரியாத பயனரோ, அண்மையில் உருவான ஆக்சஸ் கீயோ இருக்கிறதா?
- கார்டுடியூட்டியில் "ஹை" என்று சிவப்பில் ஏதாவது பல நாளாக யாரும் பார்க்காமல் கிடக்கிறதா? பெரும்பாலும் கிடக்கும்.

இதில் ஒன்றுக்கு "ஆமாம்" வந்தாலும் நிறுத்துங்கள். அந்த ஆக்சஸ் கீயை டீஆக்டிவேட் செய்யுங்கள். மெஷினை அழிக்காதீர்கள், அது சாட்சி. உடனே சம்பவங்களைக் கையாளத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள், கிளவுட் நிறுவனத்தின் சப்போர்ட்டுக்கும் எழுதுங்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று விட்ட உத்தரவுப்படி, இந்த மாதிரி ஊடுருவலைத் தெரிந்துகொண்ட 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சின்ன நிறுவனம் என்று விலக்கு இல்லை.

நான்குக்கும் "இல்லை" என்றால் அடுத்த தலைப்புகளுக்குப் போகலாம்.

## அறிகுறி: போன மாதம் பூஜ்யம், இந்த மாதம் படி ஏறி நிற்கிறது

இலவச மாதம் முடிந்துவிட்டது. பத்தில் ஆறு தடவை இதுதான். கார்டுடியூட்டிக்கு முதல் 30 நாள் இலவசம், அதுவும் கணக்குக்குக் கணக்கு, ரீஜனுக்கு ரீஜன் தனித்தனியாக. சோதனைக்கு என்று மார்ச்சில் ஆன் செய்தவர் ஏப்ரலில் வேலையை விட்டுப் போயிருப்பார். மே மாத பில் உங்கள் மேசைக்கு வரும்.

எல்லாத் திட்டமும் சேர்ந்தே ஆன் ஆகியிருக்கிறது. கார்டுடியூட்டியைப் புதிதாக ஆன் செய்தால் அடிப்படைக் கண்காணிப்போடு எஸ்3, குபர்நெட்டிஸ் (கன்டெய்னர்), ஆர்டிஎஸ் (டேட்டாபேஸ்), லாம்டா (சர்வர் வைக்காமல் ஓடும் நிரல்) போன்ற பாதுகாப்புத் திட்டங்களும் தாமாகவே ஆன் ஆகும். ரன்டைம் மானிட்டரிங் (மெஷினுக்குள் ஓடுவதைக் கண்காணிப்பது), எஸ்3க்கான மால்வேர் ஸ்கேன் போன்றவைதான் நீங்கள் தனியாகப் போட வேண்டியவை. ஆர்டிஎஸ் திட்டம் கண்காணிக்கும் டேட்டாபேஸே உங்களிடம் இல்லை என்றால் அது ஆனில் இருந்தாலும் காசு ஆகாது, விட்டுவிடுங்கள். பெரும்பாலும் காசு ஆவது எஸ்3யிலும் ரன்டைமிலும்தான்.

பயன்படுத்தாத ரீஜன்களிலும் ஓடுகிறது. இதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். நிறுத்தாதீர்கள். ஒன்றும் ஓடாத ரீஜனில் படிக்க லாக்கும் அதிகம் இருக்காது, செலவு சில்லறைதான். திருடன் வந்தால் நீங்கள் பார்க்காத ரீஜனுக்குத்தான் வருவான்.

இலவச மாதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்டுடியூட்டியின் யூசேஜ் பக்கத்தில் "இனி மாதம் இவ்வளவு ஆகலாம்" என்ற மதிப்பீடு வந்துவிடும். ஏழாம் நாளே போய்ப் பாருங்கள்.

## அறிகுறி: மாதாமாதம் மெல்ல ஏறிக்கொண்டே போகிறது

இதுதான் என் நேரத்தை அதிகம் தின்னும் பிழை. யாரும் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள், பில் மட்டும் வளரும். யூசேஜ் பக்கத்தில் எந்த மூலம் பெரிதாக இருக்கிறது என்று பார்த்து அந்தக் கிளையில் இறங்குங்கள்.

### கிளவுட்டிரெயில் நிகழ்வுகள் பெரிதாக இருந்தால்

யாரோ அல்லது எதுவோ ஓயாமல் ஏபிஐ கதவைத் தட்டுகிறது. கிளவுட்டிரெயிலின் ஈவென்ட் ஹிஸ்டரி பக்கத்தை உருட்டிக்கொண்டே இருந்தால் கண் வலிக்குமே தவிர ஒன்றும் கிடைக்காது. லாக் எஸ்3யில் விழுகிறது என்றால் அதீனாவில் (எஸ்3யில் கிடக்கும் ஃபைல்களைக் கேள்வி கேட்கும் கருவி) ஒரு வினவல் போடுங்கள்: கடைசி ஒரு நாளில், நிகழ்வின் பெயர் வாரியாக, கூப்பிட்டவர் வாரியாக எண்ணி, பெரியதிலிருந்து சின்னதாக அடுக்கு. முதல் மூன்று வரியில் ஆள் சிக்கிவிடுவார்.

ஒரு நிறுவனத்தில் சிக்கியது வரவேற்பறை டிவி. எத்தனை சர்வர் ஓடுகிறது என்று பச்சை விளக்கு காட்டும் டேஷ்போர்டு அதில் ஓடியது. அதன் பின்னால் இருந்த ஸ்கிரிப்ட் 5 நொடிக்கு ஒரு தடவை "என்னென்ன மெஷின் இருக்கிறது" என்று 17 ரீஜன்களிலும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 17,280 தடவை, அதை 17 ஆல் பெருக்குங்கள். மாதத்துக்கு ஏறத்தாழ 88 லட்சம் நிகழ்வு. கார்டுடியூட்டி 10 லட்சம் நிகழ்வுக்கு 4 டாலர் என்றால் இதற்கு 35 டாலர்.

"35 டாலர்தானே" என்றார் முதலாளி. இருங்கள். அதே கணக்கில் இரண்டு டிரெயில் (கிளவுட்டிரெயில் லாகைச் சேமிக்கும் அமைப்பு) இருந்தது. மேலாண்மை நிகழ்வுகளின் முதல் பிரதி இலவசம், இரண்டாவது டிரெயிலிலிருந்து 1 லட்சம் நிகழ்வுக்கு 2 டாலர். அதே 88 லட்சத்துக்கு 176 டாலர். எப்போதோ ஒரு ஆடிட்டுக்காக யாரோ போட்ட டிரெயில், ஆடிட் முடிந்தும் அதை யாரும் எடுக்கவில்லை. கார்டுடியூட்டிக்கு நீங்கள் போடும் டிரெயில் தேவையே இல்லை, அது தனக்கென்று தனி ஓடை வைத்துப் படிக்கிறது. ஸ்கிரிப்டை 5 நிமிடத்துக்கு ஒரு தடவை, மும்பையில் மட்டும் என்று மாற்றினோம், பழைய டிரெயிலை எடுத்தோம். டிவியில் பச்சை விளக்கு அப்படியே எரிகிறது, வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை.

அதீனா பட்டியலில் குறியாக்கச் சாவிகளை வைத்திருக்கும் சேவையான கேஎம்எஸ்ஸின் டிகிரிப்ட் மேலே நின்றால் அது வேறு கிளை. கேஎம்எஸ் சாவியால் பூட்டிய எஸ்3 பக்கெட்டில் (ஃபைல் போடும் தொட்டி) ஒவ்வொரு ஃபைலையும் திறக்கும்போது ஒரு டிகிரிப்ட் அழைப்பு விழும். பக்கெட் கீ என்று ஒரு வசதி இருக்கிறது, ஆன் செய்தால் அந்த அழைப்புகள் பெருமளவு குறையும். ஆனால் இனி எழுதும் ஃபைல்களுக்குத்தான் அது பொருந்தும். பழையவற்றை மறுபடி காப்பி செய்தால்தான் பலன்.

### ஃப்ளோ லாக், டிஎன்எஸ் பெரிதாக இருந்தால்

இவை அடிப்படைக் கண்காணிப்பைச் சேர்ந்தவை, கார்டுடியூட்டியில் இவற்றை மட்டும் அணைக்க வழி இல்லை. முதல் 500 ஜிபிக்கு ஒரு ஜிபி 1 டாலர், அதற்கு மேல் விலை இறங்கும். போக்குவரத்தைக் குறைத்தால்தான் இதுவும் குறையும். ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் டிஎன்எஸ்ஸிடம் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றுவது) கேட்கும், கேஷ் வைத்துக்கொள்ளாத செயலி எது என்று டெவலப்பரிடம் கேளுங்கள்.

அதைவிடச் சுலபமான சேமிப்பு பக்கத்திலேயே இருக்கும். "கார்டுடியூட்டிக்கு வேண்டும்" என்று நினைத்து விபிசி ஃப்ளோ லாகை நீங்களே ஆன் செய்து கிளவுட்வாட்சுக்கு (லாகைச் சேர்த்து வைக்கும் சேவை) அனுப்பியிருப்பீர்கள். கார்டுடியூட்டி அதைத் தொடுவதே இல்லை. கிளவுட்வாட்சில் ஜிபிக்கு 0.50 டாலர் வீதம் தனி பில் ஓடிக்கொண்டிருக்கும். சட்டத்துக்கோ ஆடிட்டுக்கோ அந்த லாக் தேவை என்றால் எஸ்3க்குத் திருப்புங்கள், அங்கே சேர்க்கும் கட்டணம் அதில் பாதி.

### எஸ்3 பெரிதாக இருந்தால்

மணிக்கு ஒரு தடவை முழு பக்கெட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பேக்கப் ஸ்கிரிப்ட் இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக இருக்கும். இரவு ஒரு தடவை ஓடினால் போதாதா?

### ரன்டைம் மானிட்டரிங் பெரிதாக இருந்தால்

இதன் கணக்கு விசிபியு (மெய்நிகர் செயலி) எண்ணிக்கை மேல். டெஸ்ட் கிளஸ்டர்களிலும் ஏஜென்ட் (கண்காணிக்கும் சிறு மென்பொருள்) தானாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், டேக் போட்டு அவற்றை விலக்கலாம். ஒரு ஆறுதல்: ஏஜென்ட் ஓடும் இசி2 மெஷினுக்கு ஃப்ளோ லாக் கட்டணத்தை கார்டுடியூட்டி போடாது. அதனால் ஏஜென்டை எடுத்தால் இந்த வரி இறங்கும், அந்த வரி ஏறும். இரண்டையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஆளைக் கூப்பிடும் இடம்: ஐந்தாறு கணக்குகள் ஒரே ஆர்கனைசேஷனுக்குக் கீழ் இருந்து, எது எங்கிருந்து ஆன் ஆகிறது என்றே புரியாவிட்டால், தெரிந்தவரை ஒரு நாள் உட்காரவையுங்கள். அரைகுறையாக அணைத்துவிட்டு நடுவில் ஓட்டை விட்டுவிடுவது பில்லைவிட ஆபத்து.

## அறிகுறி: ஒரே நாள், முள் மாதிரி குத்தியிருக்கிறது

மேசியைப் பாருங்கள். எஸ்3யில் கிடக்கும் ஃபைல்களுக்குள் ஆதார் எண், கார்டு எண், ரகசியச் சாவி மாதிரி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று மெஷின் லேர்னிங் வைத்துத் தேடும் கருவி. நல்ல கருவிதான். ஆனால் உள்ளே படிக்கும் ஒவ்வொரு ஜிபிக்கும் 1 டாலர் (முதல் 50 டிபி வரை).

இங்கே நான் பார்த்த முள்களில் பெரியது இது. புதிதாகச் சேர்ந்த பையன், ஆர்வக்கோளாறில் மேசியில் ஒரு ஜாப் போட்டான். எல்லா பக்கெட்டையும் டிக் செய்தான். அதில் ஒன்று லோட் பேலன்சரின் பழைய ஆக்சஸ் லாக் கிடக்கும் பக்கெட். கன்சோலில் மொத்தம் 900 ஜிபி என்று இருந்தது. "சரி, மிஞ்சிப்போனால் 900 டாலர்" என்று மேனேஜரும் ஒப்புக்கொண்டார். வந்தது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. காரணம், லாக் எல்லாம் ஜிஜிப்பாகச் சுருக்கியவை. மேசி அவற்றை விரித்துப் படிக்கும், விரித்த அளவுக்குத்தான் காசு. மூட்டையாகக் கட்டிய பஞ்சை எடை போட்டு வாங்கலாம், பரப்பி இடத்துக்கு வாடகை கொடுத்தால் கணக்கே வேறு.

பார்க்கும் வரிசை:

1. மேசியின் ஜாப்ஸ் பக்கத்தில் யார், எப்போது, எந்த பக்கெட்டுக்குப் போட்டார்கள்? ஓடிக்கொண்டிருந்தால் உடனே கேன்சல். அதுவரை படித்ததற்குக் காசு உண்டு, மிச்சத்துக்கு இல்லை.
2. அது ஒரு தடவை ஓடும் ஜாபா, தினம் ஓடுவதா? தினசரி ஜாப் முதல் நாள் இருப்பதை எல்லாம் படிக்கும், அடுத்தடுத்த நாள் புதிதாக வந்ததை மட்டும் படிக்கும். முள்ளுக்குப் பிறகு சின்ன வால் இருந்தால் தினசரி ஜாப்.
3. மறுபடி போடுவதாக இருந்தால் லாக், பேக்கப் பக்கெட்டுகளை விலக்குங்கள். சாம்பிளிங் சதவீதத்தைக் குறையுங்கள். கடைசிப் பக்கத்தில் காட்டும் செலவு மதிப்பீட்டை ஒரு நொடி நின்று படியுங்கள், பையன் படிக்காமல் அடுத்த பட்டனை அழுத்தியிருந்தான்.

அந்த நிறுவனம் சப்போர்ட்டுக்கு எழுதியது. தவறுதலாக நடந்தது, ஜாபை நிறுத்திவிட்டோம், மறுபடி நடக்காமல் இருக்க இன்னின்னது செய்திருக்கிறோம் என்று மூன்று வரி. இப்படி எழுதினால் கிரெடிட் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை, எழுதுவதற்குக் காசும் இல்லை. பில் கட்டும் தேதிக்கு முன்னால் எழுதுங்கள்.

## அறிகுறி: சென்டினலில் ஜிபி கணக்கு கட்டுக்கடங்கவில்லை

சென்டினலில் உள்ளே வரும் லாகுக்கு ஜிபி கணக்கு. லாக் வந்து சேரும் இடமான வொர்க்ஸ்பேஸில் யூசேஜ் என்ற அட்டவணை இருக்கிறது, கடைசி 30 நாளில் கட்டணம் உள்ள தரவை மட்டும் அட்டவணை வாரியாகக் கூட்டிப் பாருங்கள். எப்போதும் இரண்டு மூன்று அட்டவணைகள்தான் முக்கால்வாசியைத் தின்றுகொண்டிருக்கும்.

விண்டோஸ் செக்யூரிட்டி ஈவென்ட் பெரியது. கனெக்டரில் "ஆல் ஈவென்ட்ஸ்" என்று போட்டிருப்பார்கள். "காமன்" என்று மாற்றினாலே நன்றாக இறங்கும். ஈவென்ட் எண் வாரியாக எண்ணினால் 5156 மேலே நிற்பது வழக்கம். நெட்வொர்க் இணைப்பு ஒன்றை விண்டோஸ் அனுமதித்தது என்று சொல்லும் வரி அது, ஒரு சர்வரில் நாளெல்லாம் அருவி மாதிரி கொட்டும். சர்வரின் ஆடிட் பாலிசியிலேயே அணைப்பது நல்லது. முடியாவிட்டால் டேட்டா கலெக்‌ஷன் ரூலில் வடிகட்டுங்கள். டிஃபெண்டர் ஃபார் சர்வர்ஸ் பிளான் 2 வாங்கியிருந்தால் ஒரு சர்வருக்கு ஒரு நாளைக்கு 500 எம்பி இலவசமாக உள்ளே வரலாம். கையில் இருக்கும் சலுகையைப் பலர் பயன்படுத்துவதே இல்லை.

என்ட்ரா (மைக்ரோசாஃப்டின் பயனர் கணக்குச் சேவை) உள்நுழைவு லாக் பெரியது. ஆபீஸ் 365 ஆடிட் லாக், அஷூர் ஆக்டிவிட்டி லாக், டிஃபெண்டரின் அலெர்ட்டுகள் இவை இலவசம். அதைக் கேட்டுவிட்டு "மைக்ரோசாஃப்ட் லாக் எல்லாம் இலவசம்" என்று முடிவு கட்டுவார்கள். உள்நுழைவு லாகுக்குக் காசு உண்டு. அதிலும் ஆள் தலையிடாமல் பின்னணியில் நடக்கும் உள்நுழைவுகளின் அட்டவணைதான் பூதம். உங்கள் டிடெக்‌ஷன் ரூல் ஏதாவது அதைப் பார்க்கிறதா என்று முதலில் தேடுங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

ஃபயர்வால் லாக் பெரியது. "அனுமதித்தேன்" வரிகள் தடுத்ததைவிடப் பல மடங்கு இருக்கும். அவற்றை மலிவான லாக் பிளானுக்கோ வெறும் ஸ்டோரேஜுக்கோ தள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. டெய்லி கேப் என்று ஒரு பட்டன் இருக்கிறது, "ஒரு நாளைக்கு 20 ஜிபிக்கு மேல் வேண்டாம்" என்று போட்டுவிடலாம். பில்லுக்கு நல்ல மருந்து மாதிரி தெரியும். எல்லையைத் தொட்டதும் அன்றைக்கு மிச்ச நேரத்துக்கு லாக் வருவது நின்றுவிடும், கருவி கண்ணை மூடிக்கொள்ளும். தாக்குதல் நடக்கும் நாளில்தான் லாக் அதிகமாக வரும் என்பதை மறக்காதீர்கள். நான் செக்யூரிட்டி வொர்க்ஸ்பேஸில் இதைப் போடுவதில்லை, அலெர்ட் மட்டும் வைக்கிறேன்.

ஆளைக் கூப்பிடும் இடம்: ஒரு நாளைக்கு 100 ஜிபியை நெருங்கினால் கமிட்மென்ட் டியர் (நாளுக்கு இவ்வளவு ஜிபி என்று ஒப்புக்கொண்டு சலுகை விலை பெறுவது) பற்றிப் பேச்சு வரும். எடுத்த பிறகு 31 நாளைக்கு இறங்க முடியாது. வடிகட்டுவதற்கு முன்னால் எடுத்துவிட்டால் குப்பைக்கும் சேர்த்து ஒப்பந்தம் போட்ட மாதிரி. முதலில் சுத்தம், அப்புறம் கமிட்மென்ட். இந்தக் கணக்கை லைசென்ஸ் விற்பவரிடம் கேட்காதீர்கள், அவருக்கு லாபம் வேறு பக்கம்.

## அறிகுறி: ஏஐ உதவியாளரை யாரும் தொடவில்லை, பில் ஓடுகிறது

செக்யூரிட்டி கோபைலட் 2024 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தபோது எஸ்சியு என்ற அலகில் வந்தது: ஒரு அலகு ஒரு மணி நேரத்துக்கு 4 டாலர். கேள்வி கேட்டாலும் கேட்காவிட்டாலும் மீட்டர் ஓடும். ஒரே ஒரு அலகை 30 நாள் விட்டுவைத்தால் 2,880 டாலர். டெமோ பார்க்க மூன்று அலகு போட்டு மறந்துவிட்டால் 8,640.

சோதனை சின்னது. அஷூர் போர்ட்டலில் கெபாசிட்டி ஏதாவது இருக்கிறதா? யூசேஜ் டேஷ்போர்டில் கடந்த வாரம் யாராவது பயன்படுத்தினார்களா? இல்லை என்றால் கெபாசிட்டியை அழியுங்கள். பிரவுசரை மூடினாலோ லாக் அவுட் செய்தாலோ மீட்டர் நிற்காது. இன்னொன்று: மணி நேரம் முழு மணியாகத்தான் எண்ணப்படும். 9:05க்குப் போட்டு 9:35க்கு அழித்து, மனம் மாறி 9:45க்கு மறுபடி போட்டால் அந்த ஒரு மணி நேரத்துக்கு இரண்டு அலகு காசு.

## அறிகுறி: நாமே கட்டிய ஏஐ பாட் டோக்கனைத் தின்கிறது

இது இப்போது புதிதாக வரும் நோய். ஒவ்வொரு அலெர்ட்டையும் ஒரு ஏஐ மொழி மாடலுக்கு (எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக எண்ணிக் காசு கேட்பது) அனுப்பி "இது நிஜமா, பொய்யா" என்று கேட்கும் பாட்டை ஏதோ ஒரு டெவலப்பர் ஒரு வார இறுதியில் கட்டியிருப்பார்.

- ஒரே அலெர்ட் திரும்பத் திரும்பப் போகிறதா? ஒரே மெஷின், ஒரே வகை, ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் ஒன்றாகச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். பாதி நோய் இதிலேயே தீரும்.
- பிழை வந்தால் எத்தனை தடவை மறுபடி முயல்கிறது? எல்லையே இல்லாத ரீட்ரை லூப்பைப் பார்த்திருக்கிறேன். சனி, ஞாயிறு முழுக்க ஓடியிருந்தது.
- முழு ஜேசனையும் (அலெர்ட்டின் முழுத் தரவு) அனுப்புகிறதா? தேவையான பத்துப் பன்னிரண்டு புலம் போதும். லாகில் இருக்கும் வாடிக்கையாளர் விவரம் வெளியே போகாமல் இருக்கவும் இது நல்லது.
- அவசரம் இல்லாதவற்றை பேட்ச் முறையில் (மொத்தமாகச் சேர்த்து) அனுப்பலாம், முன்னணி மாடல் நிறுவனங்கள் அதற்குப் பாதி விலைதான் வாங்குகின்றன.

## அறிகுறி: குறைத்துவிட்டேன், ஆனாலும் பில் குறையவில்லை

என்ன குறைத்தீர்கள் என்று கேட்பேன். "சப்ரெஷன் ரூல் போட்டு அலெர்ட்டை எல்லாம் மறைத்துவிட்டேன்" என்பார்கள். அலெர்ட் கண்ணுக்குத் தெரியாமல் போகும், லாகைப் படித்தது படித்ததுதான். கார்டுடியூட்டி பில்லில் சப்ரெஷன் ரூலால் ஒரு பைசா குறையாது.

அது இல்லை என்றால், கிளவுட்வாட்ச் லாக் குரூப்புகளைத் திறந்து ரிடென்ஷன் (எத்தனை நாள் வைத்திருப்பது) பத்தியைப் பாருங்கள். நீங்கள் எதுவும் மாற்றாவிட்டால் "நெவர் எக்ஸ்பயர்" என்றுதான் இருக்கும், அதாவது காலாகாலத்துக்கும் வாடகை. அங்கேயும் இல்லை என்றால், நீங்கள் ஒரு கணக்கில் அணைத்ததை ஆர்கனைசேஷனின் நிர்வாகக் கணக்கு தானாக மறுபடி ஆன் செய்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லை என்றால் இன்னும் இரண்டு நாள் காத்திருங்கள். காஸ்ட் எக்ஸ்ப்ளோரரில் எண்கள் உடனுக்குடன் மாறாது. பட்ஜெட் அலெர்ட்டும் அப்படித்தான், பல மணி நேரம் பின்தங்கித்தான் வரும். அலெர்ட் மட்டும் வைத்த பட்ஜெட் செலவை நிறுத்தாது, மெயில்தான் அனுப்பும்.

லாகைக் குறைக்கும் உற்சாகத்தில் ஒரு கோட்டைத் தாண்டாதீர்கள். மேலே சொன்ன செர்ட்-இன் உத்தரவு, கணினி அமைப்புகளின் லாகை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. விலையுயர்ந்த இடத்திலிருந்து மலிவான எஸ்3 அடுக்குக்கு நகர்த்துங்கள், அழிக்காதீர்கள். வங்கி, பங்குச்சந்தை சார்ந்த வேலை என்றால் அவர்களின் ஒழுங்குமுறை அமைப்பு வேறு காலக்கெடு சொல்லும். அந்தக் கேள்விக்கு உங்கள் கம்ப்ளையன்ஸ் ஆள் எழுத்தில் பதில் தரும்வரை ரிடென்ஷனில் கை வைக்க வேண்டாம்.

## அறிகுறி: கன்சோலில் ஒரு தொகை, வங்கியில் போனது வேறு தொகை

பிழையே இல்லாத பிழை இது. கன்சோலில் சர்வீஸ் வாரியாகப் பார்க்கும் தொகை டாலரில், வரி சேராமல் இருக்கும். இன்வாய்ஸ் ரூபாயில், அன்றைய மாற்று விகிதத்தில், 18 சதவீத ஜிஎஸ்டியோடு வரும். மார்க்கெட்பிளேஸ் வழியாக வாங்கிய வேறு நிறுவனத்தின் செக்யூரிட்டி கருவிக்குத் தனி இன்வாய்ஸ் வரும், அதைச் சேர்க்காமல் கூட்டினால் கணக்கு உதைக்கும்.

பில்லிங் அமைப்பில் டாக்ஸ் செட்டிங்ஸைத் திறந்து உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கு தொடங்கும்போது யாரோ ஒரு டெவலப்பர் தன் பெயரில், தன் கார்டில் தொடங்கியிருப்பார், ஜிஎஸ்டி எண் காலியாக இருக்கும். அப்படி இருந்தால் கட்டிய வரியை இன்புட் கிரெடிட்டாக எடுக்க முடியாது. ஒரு நிறுவனத்தில் நான் இரண்டு நாள் லாக் வடிகட்டிச் சேமித்ததைவிட, இந்த ஒரு கட்டத்தை நிரப்பியதில் மீண்டது அதிகம். பழைய மாதங்களுக்கு என்ன செய்யலாம் என்பதை என்னிடம் கேட்காதீர்கள், உங்கள் ஆடிட்டரிடம் இன்வாய்ஸ் பிடிஎஃப்களை எடுத்துக்கொண்டு போங்கள்.